வலை தெரியாத படம்

உன் அலுவலக மேசையில் சட்டம் போட்டு வைத்திருக்கிறாயே, அந்த மீன்கொத்திப் படத்தைப் பற்றி நான் உன்னிடம் சொன்னதில் ஒரு பகுதி பொய். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து அந்தப் பொய்யைத் திருத்த வழி தேடிக்கொண்டிருக்கிறேன். "தினமும் காலையில அந்தப் படத்தைப் பாத்துட்டுதாம்மா கம்ப்யூட்டரையே திறக்கறேன். வாயைத் திறந்து என்கிட்ட ஏதோ பேச வர்ற மாதிரியே இருக்கு. நீ அங்க நிம்மதியா இருக்கேன்னு அதைப் பாத்தாலே தெரியுது" என்றாய். அடுத்த மூச்சிலேயே, கம்பெனி இன்னும் இரண்டு வருடம் ஜெர்மனியிலேயே இருக்கச் சொல்கிறது, வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டும் என்றாய். நான் "சரிப்பா" என்றேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள் நான். குரலில் ஒரு சுருக்கம்கூட விழாமல் "சரிப்பா" சொல்ல எனக்குத் தெரியும். இதை உனக்கு மட்டும் தனியாக எழுதினால் நீ உடனே போன் செய்து இரண்டு நிமிடத்தில் என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய். நானும் சமாதானமாகிவிட்டதாக நடித்துவிடுவேன். நம் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நாலு பேர் படிக்கும்படி எழுதிவிட்டால் உன்னாலும் முடியாது, என்னாலும் முடியாது. அதற்காகத்தான் இப்படி எழுதுகிறேன்.

முதலில் அந்த கேமராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீயும் மருமகளும் குழந்தையும் கிளம்புவதற்கு முந்தைய வாரம், "உனக்குப் பொழுது போகும்மா" என்று வாங்கித் தந்தாய். பொழுதுபோக்கு என்ற சொல் எனக்குப் பிடிக்காது என்பதை அப்போது சொல்லவில்லை. பெட்டியில் இருந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். கையெழுத்து கோட்டைத் தாண்டினால் பக்கத்தையே கிழித்து மறுபடி எழுதச் சொன்ன கன்னியாஸ்திரீகளிடம் படித்தவளுக்கு வேறு எப்படிப் படிக்கத் தெரியும்? நாற்பதாம் பக்கத்தில்தான் அந்த விஷயம் இருந்தது. லென்ஸுக்குள் ஒரு திறப்பு இருக்கிறது. அதை அகலமாகத் திறந்து வைத்தால், நாம் குறி வைக்கும் பொருள் மட்டும் துல்லியமாக விழும். அதற்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் கரைந்துபோகும். சுருக்கினால் முன்னும் பின்னும் எல்லாம் தெளிவாகிவிடும். எவ்வளவு தூரம் வரை தெளிவாக இருக்க வேண்டும் என்பதை எடுப்பவர்தான் முடிவு செய்கிறார். பறவைக்குப் பக்கத்தில் போகப் போக அந்தத் தெளிவு ஒரு விரலளவுக்குச் சுருங்கிவிடும். மீன்கொத்தியின் முகத்தை அருகில் எடுக்கும்போது கண் கூர்மையாக இருந்தால் அலகின் நுனி மங்கிவிடும். நுனியைக் குறி வைத்தால் கண் செத்துப்போகும். கண் மங்கிய படத்தை யாரும் இரண்டாவது முறை பார்ப்பதில்லை. பத்து நாள் பழகியதில் நானே கண்டுகொண்டது அது.

நம் வீட்டு பால்கனியில் புறா நெட் போட்டிருக்கிறது அல்லவா? குடி வந்த நாளே ஆள் வைத்து மேலிருந்து கீழ்வரை பச்சை நைலான் வலையை இழுத்துக் கட்டினாய். நாள் முழுக்க நான் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஏரி, அதற்கு அப்பால் லாரி தொழிற்சாலையின் நீலக் கூரை, விற்பனைக்குக் காத்து வரிசையாக நிற்கும் புது லாரிகள், ஷிப்டு முடிந்து போகும் கம்பெனி பஸ்கள், எல்லாவற்றையும் கட்டம் கட்டமாகத்தான் பார்க்கிறேன். ஆனால் லென்ஸை வலையோடு ஒட்டினாற்போல் வைத்து, திறப்பை முழுக்கத் திறந்து, தூரத்தில் காம்பவுண்டுச் சுவர் மேல் உட்கார்ந்திருக்கும் பறவையைக் குறி வைத்தால், வலை இருந்த இடமே தெரியாது. முதல் முறை அது நடந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று அனுப்பிய பஞ்சுருட்டான் குருவியின் படத்துக்கு, "அட, ஏரிக்கே போயிட்டியா!" என்று பதில் போட்டாய். இல்லை என்று நான் திருத்தவில்லை. அதற்குப் பிறகு அனுப்பிய ஒவ்வொரு படத்திலும் நான் ஏரிக்கரையிலோ கீழே தோட்டத்திலோ திறந்த வெளியில் நிற்பதாக நீ நினைத்தாய். எனக்கும் அப்படி நினைக்கப்படுவது பிடித்திருந்தது.

உண்மையில் ஏரிக்கு நான் போன ஐப்பசியில்தான் கடைசியாகப் போனேன். கரைச் சேற்றில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது உனக்குத் தெரியும். என்னை யார் தூக்கினார்கள் என்பதை நீ கேட்கவே இல்லை. நைட் ஷிப்டு முடித்துவிட்டு ஹாஸ்டலுக்கு நடந்து போன இரண்டு பெண்கள். தென்காசிப் பக்கம். "ஏட்டி, முதல்ல அந்த கேமராவத் தூக்கு, நனையுது. ஆச்சி, என் தோளப் புடிச்சி மெல்ல எந்திரிங்க" என்று ஒருத்தி சொன்னாள். வலியிலும் எனக்கு அவள் மேல் மதிப்பு வந்தது. கேமராவை முதலில் எடுக்கச் சொன்னாளே! மாவுக்கட்டைப் பிரித்த மறுநாள், காலை ஆறரை மணிக்குச் சேலை கட்டி, ஷூ போட்டு, கேமராவை மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனேன். செக்யூரிட்டி செல்வி என்னை நிறுத்தினாள். பக்கத்துப் பென்னலூர் கிராமத்துக்காரி. நாற்பது வயதிருக்கும், குரல் மட்டும் இருபது ஆள் அளவுக்கு இருக்கும்.

"இருமா, இரு. ஆப்ல பாக்கறேன்" என்றாள். கையிலிருந்த போனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இன்னாமா இது, உம் பேரு பசங்க லிஸ்ட்ல கீது."

"எந்தப் பசங்க?"

"சின்னப் பசங்க மா. அவுங்க வெளிய போணும்னா பெத்தவங்களுக்கு மெசேஜ் போவும். அவுங்க ஓகே குடுத்தாத்தான் நான் வுட முடியும். உனக்கு சாருக்குப் போவுது."

அங்கே அப்போது விடியவில்லை. நீ தூங்கிக்கொண்டிருந்தாய். நான் நின்றேன். எனக்குப் பின்னால் பள்ளிப் பேருந்துக்காகப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் மாடியிலிருந்து அம்மாக்கள் போனை அழுத்த, ஒவ்வொருவராக வெளியே போனார்கள். யுகேஜி படிக்கிற ஒரு பெண், தண்ணீர் பாட்டிலை ஆட்டிக்கொண்டே என்னை அண்ணாந்து பார்த்தாள். "பாட்டி, உங்க அம்மா இன்னும் ஓகே குடுக்கலையா?" என்று கேட்டாள். செல்வி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள், தோள் குலுங்கியது. நான் அந்தக் குழந்தைக்கு, "தூங்கறாங்க கண்ணு" என்று பதில் சொல்லிவிட்டு மாடிக்குத் திரும்பினேன். ஷூவைக் கழற்றி அதன் இடத்தில் நேராக வைத்தேன். நான் விழுந்த பிறகு என் பெயரை அந்தப் பட்டியலில் நீ சேர்த்ததைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பதற்கு மனம் வரவில்லை. பெற்ற பிள்ளையிடம் வெளியே போக அனுமதி கேட்டு வாழ்வதைவிட, போக விருப்பமில்லாதவளாகக் காட்டிக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் கழித்து நடந்ததுதான் மீன்கொத்தி. வலையின் வலது மூலையில் கட்டு தளர்ந்து ஒரு மடிப்பு தொங்குகிறது. பல்லியைத் துரத்தி வந்திருக்க வேண்டும், காலை ஏழு மணிக்குத் தட்தட்டென்று சத்தம் கேட்டுப் போனால், அந்த மடிப்பில் ஓர் இறக்கையும் ஒரு காலும் சிக்கி வெண்மார்பு மீன்கொத்தி தொங்குகிறது. இரண்டு மீட்டர் தூரம். அவ்வளவு பக்கத்தில் ஒரு மீன்கொத்தியை நான் பார்த்ததில்லை. நீயும் பார்த்திருக்க மாட்டாய். உதறி உதறிக் களைத்துப்போய் என்னை நேராகப் பார்த்தது. அப்போது என் கை கத்தரிக்கோலுக்குப் போகவில்லை, கேமராவுக்குப் போனது. திறப்பை முழுக்கத் திறந்தேன். கண்ணைக் குறி வைத்தேன். இறக்கையைப் பிடித்திருந்த வலை கண்ணுக்குப் பின்னால் இருந்ததால் பச்சை மூட்டமாகக் கரைந்துவிட்டது. கழுத்தில் விழுந்திருந்த ஒரே ஓர் இழை மட்டும் கூர்மையாகத் தெரிந்தது. அரை அடி இடப்பக்கம் நகர்ந்து அதைச் சட்டத்துக்கு வெளியே தள்ளினேன். பதினொரு படம் எடுத்தேன். அந்தப் பறவை உன்னிடம் பேச வரவில்லையப்பா. பயத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பறவைகள் வாயைத் திறந்துதான் இளைக்கும்.

அப்புறம்தான் இன்டர்காமில் செல்வியைக் கூப்பிட்டேன். அவள் மூச்சிரைக்க ஏறி வந்து, என் சமையலறைக் கத்தரிக்கோலை வாங்கி, துப்பட்டாவைப் பறவையின் தலைமேல் போட்டு மூடி, இழை இழையாக வெட்டினாள். "எவ்ளோ நேரமா மாட்டிகினு கீது?" என்றாள். "இப்பத்தான்" என்றேன். என் கழுத்தில் கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. லென்ஸ் மூடி மேசைமேல் கிடந்தது. அவள் இரண்டையும் பார்த்தாள். பறவை அவள் கையிலிருந்து தடுமாறி ஏசி பெட்டியின் மேல் விழுந்து, கொஞ்ச நேரம் கழித்துத் தாழப் பறந்து போனது. கத்தரிக்கோலைத் திருப்பித் தரும்போது, "போட்டோ நல்லா வந்துச்சாமா?" என்று மட்டும் கேட்டாள். என் வாழ்நாளில் என்னிடம் தப்புக் கண்டுபிடித்தவர்கள் குறைவு. அவ்வளவு மரியாதையாக யாரும் கண்டுபிடித்ததில்லை.

அன்று மாலையே அதை உனக்கு அனுப்பினேன். "காலையில் பால்கனிக்கு வந்தது" என்று எழுதினேன். எழுத்தளவில் பொய் இல்லை, பார். முழுவதும் சொல்லவில்லை, அவ்வளவுதான். உன் நண்பர்கள் எல்லோரும் அந்தக் கண்ணில் அன்பு தெரிகிறது, அமைதி தெரிகிறது என்று சொன்னதாக எழுதினாய். ஒரு கண்ணை இவ்வளவு அருகில், இவ்வளவு துல்லியமாகக் காட்டி, சுற்றியுள்ள எல்லாவற்றையும் கரைத்துவிட்டால், பார்க்கிறவர் தனக்கு வேண்டியதை அதில் பார்த்துக்கொள்வார். மனதைத் தொடுகிற படம் என்று எல்லோரும் சொல்வது பாதி அதனால்தான். உனக்கு அம்மா நிம்மதியாக இருப்பது வேண்டியிருந்தது. பார்த்தாய். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஏனென்றால் இதே வேலையை நான் உனக்கு முப்பத்தைந்து வருடத்துக்கு முன்பே செய்திருக்கிறேன்.

நீ மூன்றாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை. உன் அப்பாவுக்கு வெளியூர் வேலை. எனக்கு எக்ஸ்சேஞ்சில் காலை ஷிப்டு. உன்னை வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவேன். மணிக்கு ஒரு தரம் ஆபீஸிலிருந்து வீட்டுக்கு லைன் போட்டுக் கேட்பேன். "நல்லா இருக்கேம்மா" என்பாய். அதை நம்பிக்கொண்டு மற்ற வேலையைப் பார்ப்பேன். ஒருநாள் நீ போனை எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து ஓடிவந்தேன். ஜன்னல் கம்பிச் சட்டத்தில் ஆறு திருகாணி. ஸ்பூன் காம்பால் அதில் நான்கைக் கழற்றியிருந்தாய். உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. ஒரே நாளில் செய்திருக்க முடியாது, குறைந்தது ஒரு வாரமாகச் செய்திருக்க வேண்டும், கழற்றியதைச் சாயங்காலம் திரும்ப வைத்து வைத்து. நான் உன்னை அடித்தேன். மறுநாள் ஆள் கூப்பிட்டு அந்தச் சட்டத்தைச் சுவரோடு சிமெண்டு வைத்துப் பூசினேன். பிற்பாடு உன் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் எல்லோருக்கும் அந்தக் கதையைச் சொன்னேன். "எட்டு வயசுலயே ஸ்பூனால ஜன்னலைக் கழட்டினவன், அப்பவே இன்ஜினியர்" என்று. எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அந்தக் கதையில் உன் சாமர்த்தியம் மட்டும் கூர்மையாகத் தெரியும்படி வைத்திருந்தேன். வெளியே தொங்கிய பூட்டைக் கேட்டவர் யாருக்கும் தெரியவில்லை. நீ எதற்காக அந்த ஜன்னலைக் கழற்றினாய் என்று அன்று நான் கேட்டிருக்க வேண்டும். இன்று வரை கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். பதில் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி.

உன் மகள் வீடியோவில் வரும்போதெல்லாம் புதுப் பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறது என்கிறாள். அந்தச் சின்ன முகம் திரை முழுக்க நிறைந்திருக்கிறது. அவளை ஒருநாள் போனைத் திருப்பி, தான் உட்கார்ந்திருக்கும் அறையைக் காட்டச் சொல். மத்தியானச் சாப்பாட்டுக்கு யார் பக்கத்தில் உட்காருகிறாள் என்று கேள். பக்கத்தில் யாரும் இல்லாமலும் இருக்கலாம். நல்லா இருக்கேன் என்று சொல்கிறவர்களிடம் அடுத்த கேள்வியைக் கேட்கும் பழக்கம் நம் குடும்பத்தில் இல்லை. அதை உன்னோடு நிறுத்திவிடு. நான் உனக்குச் சொல்லக்கூடிய புத்தி இந்த வயதில் அது ஒன்றுதான்.

இந்த வாரம் நான் இரண்டு காரியம் செய்தேன். செவ்வாய்க்கிழமை, பால்கனியை விட்டுப் பின்னுக்கு வந்து, ஹாலில் சோபாவுக்குப் பின்னால் நின்று, லென்ஸின் திறப்பை முழுக்கச் சுருக்கி, நாற்காலி முதுகில் கேமராவைத் தாங்கி ஒரு படம் எடுத்தேன். அந்தப் படம் இந்தக் கடிதத்தோடு வருகிறது. வலையின் ஒவ்வொரு முடிச்சும் தெரிகிறது. ஏரி, தொழிற்சாலைக் கூரை, லாரிகள் எல்லாம் கட்டங்களுக்குள் தெளிவாக இருக்கின்றன. சுவரில் ஒரு மைனா இருந்தது. திறப்பு சுருங்கினால் ஒளி குறையும், படம் பிடிக்க நேரம் அதிகம் ஆகும், அதற்குள் அது தலையைத் திருப்பிவிட்டதால் ஒரு பழுப்புக் கறையாகத்தான் விழுந்திருக்கிறது. அழகான படம் இல்லை. மேசைமேல் வைக்கச் சொல்லவும் இல்லை. நான் உட்கார்ந்திருக்கும் இடம் அது, அதை நீ ஒருமுறை பார்க்க வேண்டும்.

புதன்கிழமை குடியிருப்போர் சங்க அலுவலகத்துக்குப் போனேன். என் பெயரைக் குழந்தைகள் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னேன். செயலாளர் நல்ல மனிதர்தான், எழுந்து நின்று நாற்காலி போட்டார். "ஓனர்தான் மெயில் போடணும் மேடம். ஃப்ளாட் சார் பேர்ல இருக்கு. நான் மாத்தி, நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா சார் என்னைத்தானே கேப்பாரு?" என்றார். ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் அவருக்கு விளக்கினேன். அவர் எல்லாவற்றுக்கும் "எஸ் மேடம்" சொல்லிவிட்டு, கடைசியில் மறுபடியும் "ஓனர் மெயில்" என்றார்.

திரும்பி வரும்போது செல்வியிடம் கேட்டேன். அவள் குடும்பத்துக்கு முன்பு நிலம் இருந்தது. அது தொழிற்சாலைக்குப் போன பிறகு மிச்ச இடத்தில் மாடி கட்டி, கம்பெனிப் பெண்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஏரி அங்கிருந்து கூப்பிடு தூரம். "ஒரு ரூமு காலியாவுதுன்னு சொன்னியே, எனக்குத் தர்றியா?"

"உனக்கா? ஜோக் அடிக்காத மா. பாத்ரூம் கீழ கீது. தண்ணி காலைல ஒரு அவரு தான் வரும். பொண்ணுங்க ஷிப்டு வுட்டு வந்து பாட்டு போட்டுக்கினு ஆடுங்க, உன்னால தாங்க முடியாது."

"பூட்டுச் சாவி யார்கிட்ட இருக்கும்?"

அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "உங்கையிலதான் மா இருக்கும். வேற யாருகிட்ட இருக்கும்?" என்றாள். பிறகு, "சார் என்னைத் திட்டப் போறாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே அறையைப் பிடித்து வைப்பதாக ஒத்துக்கொண்டாள்.

ஆகையால் கேள். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடு. எனக்காகத் திரும்பி வர வேண்டாம். ஒரு கிழவியின் காலையைக் காவல் காக்க நீ உன் வேலையை விட்டு வந்தால் அந்தப் பாரத்தையும் நான்தான் சுமக்க வேண்டும். நான் விழலாம். மறுபடி கை உடையலாம், இடுப்பே உடையலாம். அது நடந்தால் யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன் என்று என் கையெழுத்தில் எழுதி சங்கத்துக்குக் கொடுத்துவிட்டேன். அதன் நகல் ஒன்று உன் அலமாரியில் இருக்கிறது. உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. பயத்தால் பூட்டு போட்டவள்தான் நானும். எனக்கு வேண்டியது உன்னிடமிருந்து ஒரே ஒரு மெயில். நான்கு வரி போதும். நீ சங்கடப்படாமல் இருக்க நானே எழுதி உனக்கு அனுப்பியிருக்கிறேன், பெயரை மட்டும் கீழே போடு.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கேமராவோடு கேட்டில் நிற்பேன். என் பெயர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், ஏரிக்குப் போய்விட்டு எட்டு மணிக்குத் திரும்பி வந்து, உனக்கு அங்கே விடிந்ததும் போன் செய்வேன், நீயும் காபி குடித்துக்கொண்டே பேசலாம். இருந்தால், மாடிக்குத் திரும்பிவிடுவேன், சத்தம் போட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்துக்கு, செல்வி வீட்டு அறைக்குக் குடிபோகப் பெட்டியோடு வந்து நிற்பேன். அப்போதும் உன் போனுக்குத்தான் கேள்வி வரும், அம்மா வெளியே போகிறாள், அனுமதிக்கலாமா என்று. ஒரு பச்சைப் பொத்தானும் ஒரு சிவப்புப் பொத்தானும் இருக்குமாம், செல்வி சொன்னாள். கால் மணி நேரம் எதையும் அழுத்தாமல் விட்டுவிட்டால் அதுவாகவே சிவப்பாகிவிடுமாம். நீ அங்கே நல்ல தூக்கத்தில் இருக்கும் நேரம். தூங்கிவிடாதே.